ஆயிரத்து ஒன்றா, ஒன்று ஆயிரம் ஒன்றா? எக்செல்லில் எண்ணை எழுத்தாக்கும் கதை

எங்கள் வீட்டுக் காதுகுத்து ஒன்றில் மொய் எழுத உட்கார்ந்தேன். நோட்டுக்குப் பதில் மடிக்கணினி, பக்கத்தில் ரசீது அடிக்க ஒரு சின்ன பிரிண்டர். பெயர், ஊர், தொகை மூன்றையும் தட்டினால் ரசீது வந்துவிடும். தொகை எண்ணிலும் இருக்கும், எழுத்திலும் இருக்கும். ஆங்கிலத்தில் இருந்த ஒரு ஃபார்முலாவை முதல் நாள் இரவு எடுத்து, ஆங்கிலச் சொற்களை அழித்துத் தமிழ்ச் சொற்களைப் போட்டு, வேலை முடிந்தது என்று தூங்கிவிட்டேன்.

பந்தியில் முதல் இலை போடுவதற்குள் பெரியப்பா ஒரு ரசீதைத் தூக்கிக்கொண்டு வந்தார். "ஏம்ப்பா, ஒன்று ஆயிரம் ஒன்றுன்னு போட்டிருக்கே, இது என்ன கணக்கு?" தொகை 1,001. அடுத்து வந்த 501-க்கு "ஐந்து நூறு ஒன்று". மிச்சப் பேருக்கெல்லாம் பேனாவால்தான் எழுதிக் கொடுத்தேன்.

அன்றைக்கு என் கணக்கில் தப்பே இல்லை. எண்ணைப் பிரித்ததெல்லாம் சரிதான். தமிழில் எண்ணுப்பெயர் பக்கத்தில் என்ன வருகிறது என்று பார்த்து உருவம் மாற்றிக்கொள்ளும் என்பதை மறந்துபோனேன். தமிழில் எண்ணை எழுத்தாக்கும் வேலையில் முக்கால்வாசி அந்த உருவ மாற்றம்தான். கணக்கு வெறும் ஐந்து செல்லில் முடிந்துவிடும்.

எக்செல்லிலேயே இதற்கு ஒரு ஃபங்ஷன் இருக்காதா என்று எல்லோருக்கும் தோன்றும். ஆங்கிலத்துக்கும் இல்லை, தமிழுக்கும் இல்லை. தாய்லாந்து மொழிக்கு மட்டும் உண்டு! பாட்டெக்ஸ்ட் என்று ஒரு ஃபங்ஷன். அடைப்புக்குள் 100 என்று கொடுத்தால் தாய் எழுத்தில் "நூறு பாட்" என்ற பொருளில் எழுதிக் கொடுக்கும். மற்றவர்கள் தாங்களாகவே செய்துகொள்ள வேண்டியதுதான். டேலி மாதிரியான கணக்கு மென்பொருள்களில் பில்லின் கீழே தொகை எழுத்தில் தானாகவே அச்சாகும். அதனால் அங்கே பழகியவர்களுக்கு எக்செல்லில் இல்லை என்பது கொஞ்சம் அதிர்ச்சியாகவே இருக்கும்.

தொகையை எழுத்தில் எழுதுவதே எதற்கு? 1,000-த்தில் ஒரு சைபரைச் சேர்த்து 10,000 ஆக்குவது எளிது. "ஆயிரம் மட்டும்" என்பதை அப்படி மாற்ற முடியாது. சட்டமும் எழுத்தின் பக்கம்தான். 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், பிரிவு 18 என்ன சொல்கிறது என்றால், காசோலையிலோ புரோநோட்டிலோ எண்ணில் ஒரு தொகையும் எழுத்தில் வேறு தொகையும் இருந்தால், எழுத்தில் இருப்பதே தொகை. நடைமுறையில் வங்கிகள் அப்படிப்பட்ட காசோலையை இரண்டும் பொருந்தவில்லை என்று காரணம் போட்டுத் திருப்பிவிடும். எப்படிப் பார்த்தாலும் எழுத்தில் வருவது தப்பாக இருக்கக் கூடாது.

சரி, வேலைக்கு வருவோம். ஒரு தொகையை எடுத்துக்கொள்கிறேன்: 2,91,910. இதை வேண்டுமென்றேதான் எடுத்திருக்கிறேன், ஏனென்று போகப் போகத் தெரியும்.

முதலில் பிரிப்பது. ஏ2 செல்லில் தொகை இருக்கிறது. அதை லட்சத்தால் வகுத்தால் 2.9191 வரும். இன்ட் என்ற ஃபங்ஷன் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிட்டு 2 என்று கொடுக்கும். மாட் என்ற ஃபங்ஷன் வகுத்த பிறகு மிஞ்சுவதைக் கொடுக்கும், அதாவது 91,910. அதை ஆயிரத்தால் வகுத்து இன்ட் போட்டால் 91, மிச்சம் 910. அதை நூறால் வகுத்தால் 9, மிச்சம் 10. ஆக 2 லட்சம், 91 ஆயிரம், 9 நூறு, மீதி 10. கோடி இருந்தால் அதற்கு முன்னால் இன்னொரு செல். பி2 முதல் எஃப்2 வரை ஐந்து செல்லில் கோடி, லட்சம், ஆயிரம், நூறு, மீதி என்று இந்த ஐந்தும் உட்கார்ந்துவிடும்.

இங்கே நம் எண்முறை ஒரு பெரிய உதவி செய்கிறது. மில்லியன் கணக்கில் மூன்று மூன்று இலக்கமாகப் பிரிப்பார்கள். அதனால் ஒவ்வொரு துண்டிலும் 999 வரை வரலாம். நம்முடைய ஆயிரம், லட்சம் இரண்டிலும் இரண்டே இலக்கம், 99-க்கு மேல் போகாது. நூறு ஒரே இலக்கம். ஆகவே 1 முதல் 99 வரை ஒரு அட்டவணை, நூறுகளுக்கு ஒன்பது வரியில் இன்னொரு அட்டவணை, இவை போதும். நம் பழைய எண்முறைக்கும் இதே புத்தி இருந்தது. பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனிக் குறி உண்டு என்பதால் 437-ஐ ௪௱௩௰௭ என்று எழுதுவார்கள். நாலு, நூறு, மூன்று, பத்து, ஏழு. ஃபார்முலா பிரித்துக் கொடுப்பதை அப்படியே எழுதி வைத்த மாதிரி இருக்கும்.

அட்டவணையை வேறொரு ஷீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். 99 சொற்களையும் கையால் அடிப்பது அரை மணி நேர வேலை. அதையும் ஃபார்முலாவில் செய்யப் போனால் ஒரு நாள் போய்விடும். அடிக்கும்போது ஒரே நடையைப் பிடித்துக்கொள்வது நல்லது. பேச்சில் "இருபத்தி அஞ்சு" என்போம், எழுதும்போது இருபத்தைந்து. 13-க்குப் பதின்மூன்று, பதிமூன்று இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. எதையாவது ஒன்றை வைத்துக்கொள்ளலாம். நூறுகளில் 300-ஐ மட்டும் கவனித்து அடியுங்கள். அது முந்நூறு. முன்னூறு என்று எழுதுவது பரவலாக இருக்கிறது, ஆனால் தவறு.

இப்போது அட்டவணையிலிருந்து சொற்களை வி-லுக்கப் (அட்டவணையில் ஓர் எண்ணைத் தேடி அதன் பக்கத்தில் இருக்கும் சொல்லை எடுத்துத் தரும் ஃபங்ஷன்) வழியாக எடுத்து அப்படியே ஒட்டினால் என்ன வரும்? "இரண்டு லட்சம் தொண்ணூற்றொன்று ஆயிரம் ஒன்பது நூறு பத்து." என் மொய் ரசீது இந்த லட்சணத்தில்தான் இருந்தது. வாயைத் திறந்து படித்துப் பாருங்கள், தமிழ் பேசுகிற யாரும் இப்படிச் சொல்ல மாட்டார்கள். நாம் சொல்வது: இரண்டு லட்சத்துத் தொண்ணூற்றோராயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து.

என்னென்ன மாறியிருக்கிறது என்று பாருங்கள். லட்சம் லட்சத்து ஆனது, ஆயிரம் ஆயிரத்து ஆனது, ஏனென்றால் அவற்றுக்குப் பின்னால் இன்னும் எண் இருக்கிறது. பின்னால் ஒன்றும் இல்லாவிட்டால் இரண்டு லட்சம் என்றே நிற்கும். ஆக இந்தச் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வடிவம் உண்டு. ஒன்று நிற்கும் வடிவம், மற்றது தொடரும் வடிவம். நூறு நிற்கும், நூற்று தொடரும். கோடி நிற்கும், கோடியே தொடரும்.

எது நிற்கிறது, எது தொடர்கிறது என்று கணினிக்கு எப்படிச் சொல்வது? நான் முதலில் இடமிருந்து வலமாகக் கட்டினேன். ஒவ்வொரு இடத்திலும் "இதற்குப் பிறகு ஆயிரம் இருக்கிறதா, இல்லாவிட்டால் நூறு இருக்கிறதா, அதுவும் இல்லாவிட்டால்..." என்று இஃப் (இப்படி இருந்தால் இது, இல்லாவிட்டால் அது என்று சொல்லும் ஃபங்ஷன்) ஒன்றுக்குள் இன்னொன்றாகப் போட்டு, கடைசியில் எந்த அடைப்புக்குறி எதனுடையது என்று எனக்கே தெரியவில்லை. வலது ஓரத்திலிருந்து கட்டத் தொடங்கியதும் எல்லாம் அடங்கிவிட்டது.

முதலில் மீதியை எடுங்கள்: ஜி2 செல்லில் "பத்து". அடுத்து எச்2-வில் நூறு. கேள்வி ஒன்றே ஒன்று: ஜி2 காலியா? காலி என்றால் "தொள்ளாயிரம்" நிற்கும். காலி இல்லை என்றால் "தொள்ளாயிரத்து", ஒரு இடைவெளி, பிறகு ஜி2-வில் இருப்பது. அடுத்து ஐ2-வில் ஆயிரம். அது எச்2 காலியா என்று மட்டும் கேட்கும். ஜே2-வில் லட்சம் ஐ2-வைப் பார்க்கும், கே2-வில் கோடி ஜே2-வைப் பார்க்கும். ஒரு துண்டு பூஜ்ஜியமாக இருந்தால், வலப்பக்கம் இருந்ததை அப்படியே கைமாற்றிவிட்டுப் போகும். 5,00,000-த்தில் ஆயிரமும் நூறும் மீதியும் பூஜ்ஜியம், எல்லாம் காலியாகவே வந்து சேரும், லட்சம் தானாக நின்றுவிடும்.

எல்லாவற்றையும் ஒரே செல்லில் திணித்து ஒரு முழ நீளத்துக்கு ஃபார்முலா எழுதுவதைச் சிலர் பெருமையாக நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆறு மாதம் கழித்துத் திறந்து பார்த்தால் எழுதியவருக்கே புரியாது. செல் செல்லாக வைத்துக்கொண்டு, அச்சுக்குப் போகும்போது அந்த நெடுவரிசைகளை மறைத்துவிட்டால் போதும்.

தொடரும் வடிவத்தையும் அட்டவணையில் தனியாக அடிக்க வேண்டியதில்லை. இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடித்தது. கணினிக்குள் யூனிகோடில் (ஒவ்வொரு எழுத்துக்குறிக்கும் ஓர் எண் கொடுக்கும் பொது முறையில்) தமிழ் எப்படிச் சேமிக்கப்படுகிறது என்று பாருங்கள். "ஏழு" என்பது நம் கண்ணுக்கு இரண்டு எழுத்து. குறிகளை எண்ணிச் சொல்லும் லென் ஃபங்ஷனைக் கேட்டால் 3 என்று சொல்லும். ஏ, ழ, அப்புறம் அந்த உகரக் கொக்கி, ஆக மூன்று குறிகள். "ம்" என்பதும் ம ஒன்று, புள்ளி ஒன்று என இரண்டு. ஆகவே "லட்சம்" என்பதன் கடைசி இரண்டு குறிகளை லெஃப்ட் ஃபங்ஷனால் வெட்டி, மிஞ்சும் "லட்ச" என்பதோடு "த்து" சேர்த்தால் லட்சத்து. ஆயிரம் ஆயிரத்து ஆவதும், தொள்ளாயிரம் தொள்ளாயிரத்து ஆவதும் அதே வெட்டு, அதே ஒட்டு. நூறுக்கு மட்டும் "று" போய் "ற்று" வரும்.

ஆயிரத்துக்கு முன்னால் வரும் எண் இன்னும் அழகு. ஏழு, ஆயிரம் இரண்டும் சேர்ந்தால் ஏழாயிரம். உகரம் ஓடிவிடுகிறது, அந்த இடத்தில் ஆ வந்து உட்கார்ந்துகொள்கிறது. பள்ளியில் குற்றியலுகரப் புணர்ச்சி என்று நம்மைப் படுத்தி எடுத்ததே, அதுதான். ஏழில் இருப்பது முற்றியலுகரம் என்று தமிழாசிரியர்கள் திருத்துவார்கள். உண்மைதான், அதுவும் இங்கே ஓடத்தான் செய்கிறது. ஷீட்டில் இதைச் செய்ய ஒரு குறியை வெட்டினால் போதும். "ஏழு" என்பதில் கடைசிக் கொக்கியை எடுத்தால் "ஏழ". அதோடு கால் குறியையும் "யிரம்" என்பதையும் ஒட்டினால் ஏழாயிரம். "இருபத்தைந்து" அப்படியே இருபத்தைந்தாயிரம் ஆகும், "தொண்ணூறு" தொண்ணூறாயிரம் ஆகும். 1 முதல் 99 வரை எல்லா எண்ணுப்பெயரும் உகரத்தில்தான் முடிகின்றன, வேண்டுமானால் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். ஆகவே ஒரே ஃபார்முலாவை 99 வரிக்கும் இழுத்துவிடலாம்.

இழுத்த பிறகு பத்து வரிகளைத் திருத்த வேண்டும். 1, 11, 21 என்று 91 வரை ஒன்றில் முடிகிறவை. இருபத்தொன்றாயிரம் என்று யாரும் சொல்வதில்லை, இருபத்தோராயிரம். லட்சத்துக்கும் கோடிக்கும் முன்னால் வேறு மாதிரி: இருபத்தோரு லட்சம், பதினொரு கோடி, ஒரு லட்சம். ஓர் உயிரெழுத்துக்கு முன்னால், ஒரு மெய்க்கு முன்னால் என்ற பழைய பாடம்தான். அட்டவணையில் நிற்கும் சொல், லட்சத்துக்கு முன் வரும் சொல், ஆயிரச் சொல் என்று மூன்று நெடுவரிசை வைத்துக்கொண்டு, இந்தப் பத்து வரியையும் கையால் அடித்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். அப்படியே மூன்றாயிரம் மூவாயிரமாக வேண்டும், ஐந்தாயிரம் ஐயாயிரமாக வேண்டும் என்று நினைப்பவர்கள் அதையும் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம்.

1 ஆயிரத்தில் மட்டும் ஒரு சிக்கல். 1,000 வெறும் ஆயிரம்தான். ஆனால் 1,01,000-த்தை ஒரு லட்சத்து ஆயிரம் என்று எழுதினால் ஏதோ விட்டுப்போன மாதிரி இருக்கும். நான் அங்கே ஓராயிரம் போடுகிறேன். கோடியோ லட்சமோ இருந்தால் ஓராயிரம், இல்லாவிட்டால் ஆயிரம், ஒரு இஃப் போதும்.

ஒன்பதின் குறும்பைச் சொல்லாமல் விட முடியாது. எண்பது வரை பதுவில் முடிந்துகொண்டிருந்தது திடீரென்று தொண்ணூறு என்று நூறில் முடிகிறது. எண்ணூறு வரை நூறில் முடிந்தது தொள்ளாயிரம் என்று ஆயிரத்தில் முடிகிறது. ஏழு நூறை எழுநூறு ஆக்கியதுபோல ஒன்பது நூறையும் ஃபார்முலா வைத்துச் செய்துவிடலாம் என்று நினைத்தால் தலைகீழாக விழ வேண்டியதுதான். நூறுகளுக்குத் தனி அட்டவணை வைக்கச் சொன்னது இதற்காகத்தான். 900-இன் தொடரும் வடிவத்துக்கு நூறு வழியில் வெட்டாமல் ஆயிரம் வழியில் வெட்ட வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

இன்னும் ஒன்று பாக்கி. லட்சத்துத் தொண்ணூறு, ஆயிரத்துத் தொள்ளாயிரம், நூற்றுப் பத்து என்று நடுவில் ஒரு ஒற்று மிகுகிறது. க, ச, த, ப நான்குக்கும் இது நடக்கும் என்றாலும், எண்ணுப்பெயர்களில் க-விலோ ச-விலோ தொடங்குவது எதுவும் இந்த வரிசையில் இல்லை. பத்து முதல் பத்தொன்பது வரை ப. தொண்ணூறுகளும் தொள்ளாயிரமும் த. மற்றதெல்லாம் உயிரெழுத்தில் தொடங்கும், இல்லாவிட்டால் ம, ந. ஆகவே வலப்பக்கச் சொல்லின் முதல் குறியை லெஃப்ட் வைத்து எடுங்கள். அது ப அல்லது த என்றால், அதோடு ஒரு புள்ளியைச் சேர்த்து நடுவில் போடுங்கள். "தொ" என்று கண்ணுக்குக் கொம்பு முதலில் தெரிந்தாலும் யூனிகோடில் த-தான் முதலில் இருக்கும், எனவே லெஃப்ட் சரியாகவே த என்று கொடுக்கும். கோடியே என்பதற்குப் பின் ஒற்று வராது, அந்தச் செல்லில் இதைச் சேர்க்க வேண்டாம்.

இந்த வெட்டு ஒட்டெல்லாம் யூனிகோடில் அடித்திருந்தால் மட்டும்தான் நடக்கும். பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்த ஷீட் என்றால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். மேலே தமிழ் முகமூடி. அதை முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் எதையும் தொட வேண்டும்.

பைசா இருந்தால் ஒரு பொறி காத்திருக்கிறது. 1,234.35 ரூபாய். ரூபாயைக் கழித்தால் 0.35, நூறால் பெருக்கினால் 35, அவ்வளவுதானே என்று இன்ட் போட்டால் 34 என்று வரும். கணினி எண்களை இரண்டடிமானத்தில், அதாவது 0, 1 என்ற இரண்டே இலக்கங்களில், வைத்திருப்பதால் 1,234.35 என்பது அதற்குள் ஒரு மயிரிழை குறைவாகவே இருக்கிறது. கழித்துப் பெருக்கும்போது 34.9999... என்று வரும், இன்ட் இரக்கமில்லாமல் வெட்டிவிடும். முதலிலேயே முழுத் தொகையையும் நூறால் பெருக்கி ரவுண்ட் போட்டுவிடுங்கள்: 1,23,435. அதை நூறால் வகுத்த மிச்சம் பைசா, மற்றது ரூபாய். இப்படிச் செய்தால் 999.996 மாதிரித் தொகையில் "நூறு பைசா" என்று வந்து மானத்தை வாங்குவதும் நடக்காது.

செல்லில் கண்ணுக்குத் தெரிவதும் உள்ளே இருப்பதும் வேறாக இருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். தசம இலக்கத்தைக் குறைக்கும் பொத்தானை அழுத்தினால் 1,234.60 என்பது 1,235 என்று தெரியும். உள்ளே மாறியிருக்காது. பில்லில் எண் 1,235 என்றும் எழுத்து ஆயிரத்து இருநூற்று முப்பத்து நான்கு ரூபாய் அறுபது பைசா என்றும் இருக்கும். ரவுண்ட் போட்ட ஒரே செல்லிலிருந்து எண்ணும் எழுத்தும் போக வேண்டும்.

எக்செல்லுக்குள்ளேயே ஓடும் சின்ன நிரலான மேக்ரோ எழுதினால் எல்லாம் சுலபமாகிவிடாதா என்று கேட்பீர்கள். மைக்ரோசாஃப்டே ஒரு மாதிரி மேக்ரோவைக் கொடுத்திருக்கிறது, ஸ்பெல்நம்பர் என்று பெயர். அது டாலர், சென்ட், மில்லியன் கணக்கில் எழுதும். நம்முடைய 2,91,910-ஐ "டூ ஹண்ட்ரட் நைன்டி ஒன் தௌசண்ட்" என்று ஆரம்பிக்கும். ரூபாய், லட்சம் என்று மாற்றி எழுதலாம்தான். தமிழுக்கு வந்தால் வேறொரு தலைவலி. மேக்ரோ எழுதும் அந்தப் பழைய ஜன்னலில் தமிழ் அடித்தால் கேள்விக்குறிகளாக வரும். "ஒன்று" என்று எழுத 2962, 2985, 3021, 2993, 3009 என்று ஒவ்வொரு குறியின் எண்ணையும் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஷீட்டில் உள்ள அட்டவணையிலிருந்து சொல்லைப் படிக்க வைக்க வேண்டும். எப்படியும் அட்டவணை தேவைப்படுகிறது. அது போக, மேக்ரோ உள்ள கோப்பைத் தனி வடிவில் சேமிக்க வேண்டும். இணையம் வழியாக வந்த கோப்புகளின் மேக்ரோக்களை எக்செல் 2022-லிருந்து தானாகவே தடுத்து வைக்கிறது. ஃபார்முலாவும் அட்டவணையும் மட்டும் என்றால் யாருக்கு அனுப்பினாலும் திறக்கும், கூகுள் ஷீட்ஸிலும் ஓடும். எக்செல் 365 வைத்திருப்பவர்கள் இதே படிகளை, நாமே புது ஃபங்ஷன் செய்துகொள்ள உதவும் லாம்டா ஃபங்ஷனில் சுருட்டி ஒரு பெயர் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது இரண்டாம் சுற்று வேலை.

கடைசியில் கே2-வுக்கு முன்னால் "ரூபாய்" என்றும் பின்னால் "மட்டும்" என்றும் ஒட்டி, ட்ரிம் போட்டு உபரி இடைவெளிகளை எடுத்துவிடுங்கள். முன்னாலோ பின்னாலோ யாரும் ஒரு சொல்லைச் செருக முடியாமல் இருக்கத்தான் இந்த இரண்டு காவலும். கோடி 99-ஐத் தாண்டும் தொகை வந்தால், கோடியின் எண்ணிக்கையையே ஒரு தனி எண்ணாக எடுத்து இதே நூறு, மீதி வழியில் இன்னொரு முறை ஓட்ட வேண்டும்: நூற்று ஐம்பது கோடி. மொய்க்கு அந்த நிலைமை வராது.

நம்புவதற்கு முன் சில எண்களைப் போட்டுப் பாருங்கள்: 1, 10, 11, 100, 101, 110, 500, 900, 990, 1,000, 1,001, 1,010, 9,900, 11,000, 21,000, 1,00,000, 1,00,001, 1,01,000, 2,91,910, 1,00,00,005. ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்தால் போதாது, வாய்விட்டுப் படிக்க வேண்டும். 9,900-த்தை ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரம் என்று வாய் தடுக்காமல் படித்தால் தேறிவிட்டது. நான் இந்தப் பட்டியலை அடுத்த கிரகப்பிரவேசத்துக்கு முதல் நாள் பெரியப்பாவிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னேன். எல்லாவற்றையும் படித்துவிட்டு, "ஐந்நூறுக்கு எதுக்குப்பா ஒரு ந் அதிகமா இருக்கு?" என்றார். ஐநூறு என்று மாற்றிக்கொடுத்துவிட்டேன்.